சுருங்க மறுத்த கிணறு

பலாலி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையைத் திறக்கச் சொன்னார். வேட்டி, பல்பொடி, அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு எல்லாம் வெளியே வந்தன. கடைசியில் சோப்பு டப்பா அளவிலான ஒரு பெட்டியைக் கையில் எடுத்தேன். அவர் பேனாவால் அதைச் சுட்டிக்காட்டினார்.

"உது என்ன தம்பி?"

உது என்றால் இதுவா அதுவா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் வரிசை நீண்டுவிட்டது. கிணற்றுத் தண்ணீரின் மட்டத்தையும் உப்பையும் அளந்து, சுருக்கி, ரேடியோவில் அனுப்புகிற கருவி என்று சொன்னேன்.

"கிணத்தைச் சுருக்குறதோ?"

"கிணத்தை இல்லைங்க. கிணத்தைப் பத்தின சேதியை."

"எந்தக் கிணறு?"

"புத்தூர்ல."

"புத்தூரிலை வளவுக்கு வளவு கிணறு" என்று சிரித்துக்கொண்டே முறுக்கில் ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "சரி, போங்கோ. போய்ச் சுருக்குங்கோ."

நான் கோயம்புத்தூர்க்காரன். இந்த மாதிரிப் பெட்டிகள் செய்கிற சின்ன நிறுவனம் ஒன்றில் வேலை. புத்தூர் விவசாயிகள் சங்கம் எங்களிடம் ஒன்று வாங்கியிருந்தது. கூரியரில் அனுப்பிவைத்தோம், பொருத்தினார்கள், சில வாரம் பார்த்தார்கள். பிறகு சங்கச் செயலாளர் குகன் போன் செய்து, "உங்கடை பெட்டி சொல்லுறது எல்லாம் பிந்தித்தான் வருது" என்றார். அதனால் மாற்றுப் பெட்டியோடு நானே கிளம்பினேன். தமிழ் பேசுகிற ஊர்தானே, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். பாவம், அவர்களும் நம்பினார்கள்.

குகனின் வீடு கோப்பாயில். வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும், ஆனால் எதைக் கேட்டாலும் முதலில் "சாப்பிட்டனியளோ?" என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். இரவு இடியப்பமும் சொதியும். சொதியை ரசம் என்று நினைத்துக் குடிக்கப் போனேன். குகனின் மனைவி பதறிப்போய், "தம்பி, அதை இடியப்பத்துக்கு விடுங்கோ" என்றார். எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். இங்கே மஞ்சள் நிறத்தில், புளிப்பாக, பச்சைமிளகாய் மிதக்க ஒரு பால். ஐந்தாவது இடியப்பத்தில் எனக்கு அது பிடித்துப்போனது. பத்தாவதில் எண்ணுவதை விட்டேன்.

மறுநாள் குகனுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு சோலி. பஸ்ஸில் வாருங்கள், புத்தூர்ச் சந்தியில் நிற்கிறேன் என்றார். பருத்தித்துறை பஸ்ஸில் ஏறி, நடத்துனரிடம் புத்தூர் என்று சொல்லிவிட்டு நின்றேன். பாட்டு போட்ட சத்தத்தில் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, நான் சொன்னது அவருக்கு நினைவில்லை. சன்னலுக்கு வெளியே செம்மண் தோட்டங்கள் போய், வாழை போய், பனை போய், கடைசியில் ஒன்றுமே இல்லாத வெட்டவெளி வந்துவிட்டது. இரண்டு பக்கமும் உப்புநீர். காற்று பஸ்ஸையே தள்ளியது. "இது வல்லைவெளி. புத்தூர் எப்பவோ போயிட்டுது" என்று பக்கத்தில் இருந்த பெண்மணி அனுதாபத்தோடு சொன்னார். திரும்பி வர ஓட்டோக்காரரிடம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "உதிலைதான்" என்றார். அந்த 'உதிலை' வந்து சேர நெடுநேரம் ஆனது.

கிணறு பெரிய கிணறு. சுண்ணாம்புக் கல்லை வெட்டி இறக்கியது. தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் பச்சையாகத் தெரிந்தது. ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போட்டும் காற்று வருகிற ஊரிலிருந்து வந்தவனுக்கு வயிறு எரிந்தது. குகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மேலைதான் நல்ல தண்ணி. கீழை கடல்" என்றார். வரும் வழியில் நிலாவரைக் கிணற்றையும் காட்டியிருந்தார். அங்கேயும் அப்படித்தானாம், மேலே குடிக்கலாம், ஆழத்தில் உப்பு. அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். ஏறினது தெரியாமல் இறைத்துக்கொண்டே இருந்தால் பயிர் கருகும்.

யோகம் அக்காவுக்குப் போன போகம் அப்படித்தான் கருகியது. அவர் கிணற்றின் பங்காளிகளில் ஒருவர். தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு வெங்காயப் பாத்திக்குள் நின்றபடியே என்னிடம் பேசினார்.

"நுனி மஞ்சளாகேக்கை வெயில் எண்டு நினைச்சன் தம்பி. அதுக்காக இன்னும் கூட இறைச்சன். நானே என்ரை கையாலை உப்பை ஊத்தியிருக்கிறன். இந்த முறையும் கருகினா தோட்டம் செய்யிறேல்லை எண்டு முடிவெடுத்திட்டன். வவுனியாவிலை மகளோடை போய் இருக்க வேண்டியதுதான்."

"போகணும்னு விருப்பமாங்க?"

"அங்கை மாடி வீடு" என்றார். குனிந்து பாத்தி மண்ணைக் கிளறத் தொடங்கினார்.

இன்னொரு பங்காளி சின்னராசா அண்ணை. இடுப்பில் வெள்ளைச் சாரம், சட்டை இல்லை, சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றியபடி நின்றார். பெட்டி வந்த நாளில் பங்காளிகள் எல்லோரும் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். உப்பு ஏறுகிறது என்று எச்சரிக்கை வந்தால், அப்போது யாருடைய முறையோ அவர் உடனே இறைக்கும் மிசினை நிறுத்த வேண்டும். சின்னராசா அண்ணை அதற்கு அரை மனதாகத்தான் தலையாட்டியிருந்தார்.

"நிப்பாட்டினா என்ரை முறை போச்சு. முறை போனா போனதுதான், திருப்பித் தர ஒருத்தரும் இல்லை. உது சொல்லுறதை நம்பி நான் நிப்பாட்டோணும், உது பிந்திச் சொல்லும். என்ன கதை இது? சனிக்கிழமை கூடுறம். அதுக்குள்ளை ஒழுங்கா வேலை செய்யாட்டி கழட்டிப்போடுவம்."

யோகம் அக்கா பாத்திக்குள்ளிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

குழப்பம் என்னவென்பது பெட்டியைத் திறந்ததுமே தெரிந்தது. ரேடியோ ஒரு தடவைக்கு ஒரு சின்னத் துண்டைத்தான் கொண்டுபோகும், அடுத்த துண்டுக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் அடிக்கடி வருகிற அளவுகளுக்குக் குட்டிக் குறி, அபூர்வமாக வருவதற்கு நீளமான குறி என்று ஓர் அட்டவணை போட்டு வைத்திருந்தோம். அடிக்கடி, அபூர்வம் என்பதெல்லாம் எங்கள் ஊர்க் கிணறுகளைப் பார்த்து எழுதியது. அங்கே மின்சாரம் வரும் நேரத்தில் எல்லோரும் ஒன்றாக மோட்டார் போடுவார்கள், போகும்போது ஒன்றாக நிற்கும். இங்கே அப்படி எதுவுமே நடக்கவில்லை. எங்கள் ஊரில் ஆடிக்கொருமுறை வருவது புத்தூரில் தினமும் வந்தது. செய்தி சுருங்காமல், சுருக்காமலே அனுப்பியிருந்தால் எவ்வளவு வருமோ அதைவிட நீளமாகிவிட்டது. துண்டுகள் வரிசையில் தேங்கிக் கிடந்தன. காலையில் ஏறிய உப்பு, செய்தியை வாங்கி எல்லோருடைய போனுக்கும் எச்சரிக்கை அனுப்புகிற குகன் வீட்டுக் கணினிக்கு மாலையில் வந்து சேர்ந்தது.

சரி, இந்தக் கிணற்றுக்கென்று புது அட்டவணை எழுதிவிடுவோம் என்று புதன்கிழமை முழுக்க அலைந்தேன். யார் எப்போது இறைக்கிறார்கள் என்று தெரிந்தால் போதுமே.

ஐந்து பங்கு. யோகம் அக்காவுக்கு ஒன்று, சின்னராசா அண்ணைக்கு ஒன்று. மூன்றாவது, அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. அவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை, அதனால் ஒருவர் வீட்டுக்குப் போனதை நிச்சயப்படுத்திக்கொண்டு மற்றவர் வருவார். நான்காவது பிள்ளையார் கோயில் பூந்தோட்டத்துக்கு. ஐந்தாவது பங்காளி கனடாவில். அவர் போன் எடுத்து, இந்தக் கிழமை என் முறையை இன்னார் எடுக்கட்டும் என்று சொல்வார். யார் அவரோடு அன்பாகக் கதைத்தார்களோ அவருக்கு. நடு இறைப்பில் போன் வந்து ஆள் மாறியதும் உண்டாம்.

"போன வாரம் செவ்வாய்க்கிழமை யாரோட முறைங்க?" என்று கேட்டேன்.

"என்ரை" என்றார் யோகம் அக்கா. "ஆனா செத்தவீடு எண்டபடியா கோயிலுக்கு விட்டன். கோயில்காரர் விரதம் எண்டு தம்பிக்காரனுக்கு விட்டவை. அவன் தமையன் நிண்டதாலை வரேல்லை."

"அப்ப யாரு இறைச்சாங்க?"

"ஒருத்தரும் இல்லை. ஓ, பேந்து நான்தான் இறைச்சனான்."

தாளில் எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள், ஆனால் ஒருவர் சொன்னதும் இன்னொருவர் சொன்னதும் ஒட்டவேயில்லை. இந்தக் கிணற்றில் மாறாதது ஒன்றே ஒன்று: ஞாயிறு காலை சின்னராசா அண்ணையின் முறை. அவர் தன் முறையை ஒருநாளும் எவருக்கும் விட்டதில்லை, எவரிடமும் கேட்டதுமில்லை. ஒரே ஓர் உறுதியான வரியை வைத்துக்கொண்டு அட்டவணை போட முடியாது.

அன்று மாலை குகன் வீட்டுச் சமையற்கட்டு வாசலில், நாற்காலியில் உட்கார்ந்து பால் விடாத பிளேன்ரீ குடித்தேன். அழுகையாக வந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை. குகன் ஒரு வாழைப்பழத்தை நீட்டிவிட்டு, "ஏன் தம்பி எல்லாத்தையும் முன்கூட்டியே தெரிஞ்சுகொள்ளோணும் எண்டு நிக்கிறியள்?" என்றார். அவர் ஏதும் நினைத்துச் சொல்லவில்லை, என் அலைச்சலைப் பார்த்துச் சலிப்பில் சொன்னது. ஆனால் கல்லூரியில் படித்த ஒன்றை அது கிளறிவிட்டது.

எங்கள் தொழிலில் அதைப் பொதுச் சுருக்கம் என்பார்கள். அனுப்புகிறவனுக்கு எது அடிக்கடி வரும் என்று தெரிந்திருக்க வேண்டாம். வெறும் கையோடு தொடங்கலாம். வருவதை எல்லாம் அனுப்பு, எந்த நாள் எந்த நேரம் என்பதோடு நினைவில் வை. முன்பு வந்த ஒரு தொடர் திரும்ப வந்தால், அதை முழுதாகச் சொல்லாமல் "அன்றைக்கு வந்ததே, அதுதான்" என்று மட்டும் சொல். கேட்கிறவனும் அதே செய்திகளைக் கேட்டவன்தானே, அவனுக்கும் அதே நினைவு இருக்கும். அட்டவணையைக் கொடுத்தனுப்பத் தேவையில்லை. இரண்டு பக்கமும் தானாக வளரும். போதுமான காலம் கொடுத்தால், எல்லாம் தெரிந்த ஒருவன் சுருக்குவதற்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்துவிடும் என்று கணக்குப்போட்டு நிரூபித்திருக்கிறார்கள். போதுமான காலம் என்றால் எவ்வளவு என்பதைத்தான் அந்தப் புண்ணியவான்கள் சொல்வதில்லை. எனக்கு இருந்தது சனிக்கிழமை வரை.

வியாழக்கிழமை மாற்றுப் பெட்டியில் அதை ஏற்றிப் பொருத்தினேன். முதல் சில மணி நேரம் பழைய பெட்டியே தேவலை என்று இருந்தது. ஒன்றும் தெரியாதவன் எல்லாவற்றையும் முழுதாகத்தான் சொல்வான். மதியத்துக்குப் பிறகு மெல்லக் குறையத் தொடங்கியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தபோது கோப்பாயில் கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்ததும் குகன் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, கிணத்துத் தண்ணி நிலத்துக்கு மேலை பத்து அடி நிக்குது எண்டு காட்டுது. அங்கை எல்லாரும் சுகமோ?"

கரண்ட் இல்லாத நேரத்தில் போன துண்டுகளைக் கணினி கேட்கவில்லை. பெட்டியின் நினைவு ஒன்று, கணினியின் நினைவு வேறு என்றாகிவிட்டது. "அன்றைக்கு வந்ததே, அதுதான்" என்று பெட்டி சொன்னால் கணினி வேறு எதையோ எடுத்து வைத்தது. சின்னராசா அண்ணை கிணற்றுக் கட்டில் ஏறி நின்று, "ஓடுங்கோ, கிணறு பொங்குது!" என்று பகிடி பண்ணினார். எல்லோரும் சிரித்தார்கள். யோகம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

கோப்பாய்க்குத் திரும்பும் பஸ்ஸில் ஒருவர் போனில் கதைத்துக்கொண்டு வந்தார். கதைத்தார் என்றா சொல்வது? "ஓம்... ஓம்... ஓமோம்... ஓம்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் மறுமுனையில் இருப்பவர் பேசிமுடிக்கும்வரை சும்மா இருப்போம். இங்கே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'ஆமாம்' என்கிற அந்த ஓம் ஒன்று போகாவிட்டால், "ஹலோ, கேக்குதோ?" என்று மறுமுனை கத்துகிறது. நீர்வேலி தாண்டியபோதும் ஓம், இருபாலை பிரியும் சந்தியிலும் ஓம். எரிச்சலோடு கேட்டுக்கொண்டு வந்தவனுக்குத் திடீரென்று பொறி தட்டியது. நான் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன், ஆனால் அது வேறு விஷயம்.

கணினி ஓம் சொன்ன பிறகுதான் பெட்டி ஒன்றை நினைவில் சேர்க்க வேண்டும். ஓம் வராவிட்டால் அதையே திரும்பச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை இரண்டு பக்கத்தையும் துடைத்து வெறுமையாக்கினேன். பழைய பெட்டியில் இருந்த சில வாரத்து அளவுகளை, அந்தச் செத்தவீடு, விரதம், கனடாப் போன் எல்லாவற்றோடும், மடிக்கணினி வழியாக இரண்டுக்கும் ஒரே மாதிரி ஊட்டினேன். எனக்கு அவற்றில் ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. பெட்டிக்குத் தெரிந்ததா என்றும் தெரியாது. ஆனால் மாலையில் துண்டுகள் சின்னதாகிவிட்டன. ஒரு துண்டில் பாதிகூட நிரம்பவில்லை. ஏறுகிற உப்பு, ஏறுகிற நேரத்திலேயே கோப்பாய்க்குத் தெரிந்தது.

சனிக்கிழமை கிணற்றடியில் எல்லோரும் கூடினார்கள். அண்ணன் ஒரு மூலையில், தம்பி எதிர் மூலையில். யோகம் அக்காவின் முறை நடந்துகொண்டிருந்தது. அவருடைய மிசின் சின்னது, மெதுவாகத்தான் இழுக்கும். பாதிப் பாத்தி நனைந்திருந்தது, மீதி காய்ந்து வெளிறிக் கிடந்தது. குகன் தேத்தண்ணியும் வாழைப்பழம் பிசைந்து பொரித்த வாய்ப்பனும் கொண்டுவந்திருந்தார். நான் இரண்டாவது வாய்ப்பனைக் கடித்தபோது, எல்லோருடைய போன்களும் ஒன்றாகச் சத்தம் போட்டன.

உப்பு ஏறுகிறது.

பெட்டி சரியாக வேலை செய்துவிட்டது. நான் குதித்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காய்ந்த பாத்திகளைப் பார்த்தபோது, இன்னும் கொஞ்சம் பிந்தியிருக்கக்கூடாதா என்றுதான் தோன்றியது.

"கொஞ்சம் இறைக்கலாமுங்களே" என்றேன். "இப்பதான் ஏற ஆரம்பிச்சிருக்கு."

"கதைச்சது கதைச்சதுதான் தம்பி" என்று யோகம் அக்கா போய் மிசினை நிறுத்தினார். சத்தம் நின்றதும் வாய்க்காலில் தண்ணீர் பின்வாங்குவதுகூடக் கேட்டது. துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். அடுத்த முறை வருவதற்குள் அந்தப் பாத்திகள் தாங்காது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், எனக்கும் அதற்குள் தெரிந்திருந்தது.

சின்னராசா அண்ணை சைக்கிளைத் திருப்பினார். "அப்ப பெட்டி இருக்கட்டுமா, கழட்டவா?" என்று கேட்டேன். காய்ந்த பாத்திகளை ஒருமுறை பார்த்துவிட்டு மிதித்துப் போய்விட்டார். கூட்டம் நடந்ததா, முடிந்ததா, முடிவு என்ன, எனக்கு எதுவும் விளங்கவில்லை. குகனிடம் கேட்டேன். "சாப்பிட்டனியளோ?" என்றார்.

ஞாயிறு காலை பலாலியில் வரிசையில் நின்றபடி போனைத் திறந்தேன். இரவெல்லாம் கிணறு ஓய்வெடுத்து, உப்பு இறங்கியிருந்தது. துண்டுகள் இத்தனூண்டு. இனிச் சின்னராசா அண்ணையின் முறை. அவருடைய பெரிய மிசின் ஓடினால் மட்டம் கடகடவென்று இறங்கும். எல்லா ஞாயிறும் ஒரே மாதிரி வந்ததால் பெட்டி அதை ஒரு சொட்டுச் செய்தியில் சொல்லிவிடும்.

வந்த துண்டு நிரம்பி வழிந்தது. ஒன்று போதாமல் இரண்டானது, இரண்டு மூன்றானது. பெட்டி கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். அளவுகளைப் பிரித்துப் பார்த்தேன். மட்டம் கடகடவென்று இறங்கவில்லை. மெதுவாக, மிக மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஞாயிறு காலையில் பெட்டி இதுவரை கண்டிராத ஒன்று, அதனால்தான் எல்லாவற்றையும் முழுதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

யோகம் அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரு சின்ன மிசினின் சத்தம்.

"ஓம் தம்பி, நான்தான் இறைக்கிறன். விடியக்காலமை சின்னராசா அண்ணை வந்து படலையிலை தட்டினவர். 'போய் உன்ரை மிசினைப் போடு' எண்டார். வேறை ஒண்டும் கதைக்கேல்லை. அங்காலை கிணத்துக் கட்டிலை இருந்து சுருட்டுப் பத்திறார். தம்பி... கேக்குதோ?"

"ஓம்" என்றேன். அந்த ஊரில் நான் சொன்ன முதல் ஓம் அதுதான்.

மேசைக்குப் பின்னால் அதே சுங்க அதிகாரி. பழைய பெட்டியை எடுத்து வைத்தேன். முறுக்கு இருக்கிறதா என்று பையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன தம்பி, கிணறு சுருங்கிச்சுதோ?"

"நேத்து வரைக்கும் சுருங்குச்சுங்க. இன்னைக்குக் காலையில நீண்டுபோச்சு."

"ஐயோ. அப்ப எல்லாம் பிழையாப் போச்சோ?"

"இல்லைங்க" என்றேன். "மீதிப் பாத்திக்கும் தண்ணி பாயுது."